கவட்டுக் குடலிறக்கமும் சத்திரசிகிச்சையின் இரு வழிகளும்

ஒருமுறை திருத்திய கவட்டுக் குடலிறக்கம் மீண்டும் தோன்றுமாயின், கவட்டை வெட்டித் திறந்து செய்யும் முறை ஏற்றதா, சிறு துளைகளினூடாகச் செய்யும் முறை ஏற்றதா என்னும் வினா எழுகின்றது. இதனைப் பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலான போட்டியாகக் கொள்வாரே பலர். வரலாற்றை நோக்கின் அக்கருத்து முற்றும் பொருந்துவதாயில்லை.

நவீன முறையின் தொடக்கம் 1880களில் இத்தாலியின் பாதுவா நகரிற் பணியாற்றிய எதுவார்தோ பசினியுடையது. இவர் இளமையில், 1867 இல், உரோமை விடுவிக்கச் சென்ற தொண்டர்படையிற் சேர்ந்து, கவட்டிலேயே துப்பாக்கிமுனை ஈட்டியாற் குத்துண்டு சிறைப்பட்டவர் என்பது வியப்புக்குரிய பொருத்தமாகும். கவட்டுக் கால்வாயின் பின்சுவரைத் தசைகொண்டு தைத்து வலுப்படுத்திய இவர், 1890 இல் 262 சிகிச்சைகளின் விபரத்தை வெளியிட்டார். அவற்றுள் குடலிறக்கம் மீண்டும் தோன்றியவை பத்துக்கும் குறைவே. ஆயினும் பிறர் கையில் இப்பெறுபேறு வாய்க்கவில்லை. இழுத்துத் தைத்த தசை காலப்போக்கில் விட்டுக்கொடுத்தது. 1980களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லிக்டென்ஸ்ரைன் தசையை இழுக்காது செயற்கை வலையொன்றைப் பொருத்தி இக்குறையை நீக்கினார்.

இவ்விருவரும் முன்புறமாகவே சென்றனர். மீண்டும் அவ்வழியே செல்வோர் எதிர்கொள்வது பழைய தழும்பு. விந்துநாணும் அதன் குருதிக்கலன்களும் தழும்போடு பிணைந்திருக்கும். அவை சேதமுறின் விதை சுருங்கவும் கூடும். இவ்விடரை எண்ணியே சிலர் பின்வழியை நாடினர். வயிற்றுச்சுவருக்கும் சுற்றுவிரிக்கும் இடைப்பட்ட வெளியினூடாகக் குடலிறக்கத்தை அணுகலாம் என 1920 இல் சீற்றில் என்பாரும், 1936 இல் ஹென்றி என்பாரும் காட்டினர். பின்னர் அமெரிக்காவில் நைஹஸ் அதனை வளர்த்தார்; பிரான்சின் அமியான் நகரில் ஸ்தொப்பா அவ்வெளியிற் பெரிய வலையை விரித்தார். இவை யாவும் வெட்டித் திறந்து செய்யப்பட்டவையே என்பது ஈண்டு மனங்கொளற்பாலது.

ஆகவே 1990களின் தொடக்கத்திற் பரவிய நுண்துளை முறை புதிய இடமெதனையும் கண்டுபிடிக்கவில்லை. முன்னோர் கண்ட அதே பின்வெளிக்குச் சிறியதொரு வாயிலை அமைத்ததே அதன் சாதனை.

அமெரிக்காவில் முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலைகளில் நடைபெற்று 2004 இல் வெளியான ஆய்வு இதற்கு ஒளியூட்டுகின்றது. முதன்முறை திருத்தப்பட்டோரில், ஈராண்டுகளுள் நோய் மீண்டது நுண்துளை முறையில் 10.1 வீதம், திறந்த முறையில் 4.0 வீதம். ஏற்கெனவே நோய் மீண்டிருந்தோரிலோ அவை முறையே 10.0, 14.1 வீதமாயின. பின்னைய வேறுபாடு புள்ளிவிபர நோக்கில் உறுதியானதன்று. எனினும் முன்னைய குழுவில் நுண்துளை முறைக்கிருந்த பின்னடைவு இக்குழுவிற் காணப்படவில்லை.

2018 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்கள் கருவியை அன்றி, முந்தைய வழியையே முதன்மையாக நோக்கின. முன்வழி தோற்றவர்க்குப் பின்வழி, அதிலும் நுண்துளை முறை. பின்வழி தோற்றவர்க்கு முன்வழி. பொது மயக்கமருந்தைத் தாங்கவியலாத முதியவர்க்கு, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து நடத்தக்கூடிய திறந்த முறை இன்றும் துணைநிற்கின்றது. இரு வழிகளும் தோற்ற நோயாளியைக் குடலிறக்கத்தில் தனித்தேர்ச்சி பெற்ற சத்திரசிகிச்சையாளரிடமே ஒப்படைக்குமாறு அவ்வழிகாட்டல்கள் கூறுகின்றன.