பஸ் நிக்கிற இடத்துல இருந்து வீடு வரைக்கும்: புதுக்கோட்டையின் சைக்கிள் கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு சாதாரண கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "கேரவன் எடுத்துட்டு ஊர் சுத்தப் போறோம், கூடவே பைக்கையும் கொண்டு போக என்ன வழி?"

முடிஞ்ச வரைக்கும் சுருக்கமா சொல்லிடறேன். மூணு வழி இருக்கு. ஒண்ணு, கேரவனுக்குப் பின்னாடி இரும்பு ஸ்டாண்டு அடிச்சு, பைக்கை அதுல ஏத்திக் கட்டறது. ரெண்டாவது, தனியா ஒரு டிரெய்லர்ல வச்சு இழுத்துட்டுப் போறது. மூணாவது, வெளிநாட்டுப் பெரிய கேரவன்கள்ல பின்பக்கம் படுக்கைக்குக் கீழேயே ஒரு சின்ன ஷெட் மாதிரி இடம் இருக்கும், அதுக்குள்ள நிறுத்தறது.

முதல் வழிதான் ஈஸியா தெரியும். ஆனா அதுலதான் கவனமா இருக்கணும். ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. அந்த எடை பின் சக்கரத்துக்கும் பின்னாடி போய்த் தொங்குது. சீசா பலகையில ஒரு பக்கம் பெரியவர் உட்கார்ந்தா என்ன ஆகும்? வண்டியோட பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரத்துல பாரம் குறையும், ஸ்டீயரிங் லேசாகிடும். அதனால வண்டியோட பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்னு பார்க்காம ஸ்டாண்டு அடிக்கக் கூடாது.

சரி, பதில் முடிஞ்சது. ஆனா எனக்கு அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்குற கேள்விதான் சுவாரசியமா இருந்துச்சு. வீடு அளவுக்கு ஒரு வண்டி கையில இருக்கும்போது, இன்னொரு சின்ன வண்டி எதுக்கு?

பெரிய வண்டிக்குள்ள சின்ன வண்டி

இதுக்கு உலக வரலாற்றுல ரெண்டு நல்ல உதாரணம் இருக்கு. இரண்டாம் உலகப் போர் நேரத்துல, 1942-ல, பிரிட்டன்காரங்க வெல்பைக்னு ஒரு குட்டி மோட்டார்சைக்கிள் செஞ்சாங்க. 98 சிசி எஞ்சின், எடை 32 கிலோதான். கைப்பிடியையும் சீட்டையும் மடக்கி ஒரு உருளைப் பெட்டிக்குள்ள வச்சு, பாராசூட்ல கீழே போடலாம். விமானம் வீரர்களை எதிரி நாட்டு வயல்ல இறக்கிட்டுப் போயிடும். அங்க இருந்து போக வேண்டிய இடத்துக்கு யார் கூட்டிட்டுப் போவா? அதுக்குத்தான் வெல்பைக்.

அடுத்தது 1981. ஜப்பான்ல ஹோண்டா சிட்டி கார் வந்தப்போ, அதோட டிக்கிக்குள்ள படுக்க வைக்கிற மாதிரியே மோட்டோகாம்போங்கிற 49 சிசி வண்டியையும் விட்டாங்க. காரை எங்கேயாவது பார்க் பண்ணிட்டு, நெரிசலான தெருவுக்குள்ள இதுல போய்க்கலாங்கிறது யோசனை.

விமானம், கார், கேரவன், மூணுக்கும் பிரச்சினை ஒண்ணுதான். பெரிய வண்டி ஒரு இடம் வரைக்கும்தான் வரும். அதுக்கு அப்புறம் இருக்குற தூரம் நம்ம பொறுப்பு. கேரவன்காரருக்கு அது ஒரு சின்ன வசதிக் குறைவு. ஆனா அந்தக் கடைசித் தூரம் ஒரு மாவட்டத்துப் பெண்களோட வாழ்க்கையையே கட்டிப் போட்டிருந்த கதை நம்ம பக்கத்துலயே இருக்கு. புதுக்கோட்டையில.

ரோட்டுக்கு வர்ற பஸ், ஊருக்கு வராது

புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம். 1974-லதான் தனி மாவட்டமாச்சு. வறண்ட பூமி, கண்மாய்ப் பாசனம், கல் குவாரி. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல நீளமான பொட்டல். 1990 வாக்குல அங்க ஒரு கிராமத்துப் பெண் சந்தைக்குப் போகணும்னா என்ன செய்யணும்? முதல்ல மெயின் ரோட்டுக்கு வரணும். அங்க பஸ்ஸுக்காகக் காத்து நிக்கணும். இறங்கின இடத்துல இருந்து மறுபடி நடக்கணும். தலையில கூடை, இடுப்புல பிள்ளை.

ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையா? இருந்தது, ஆனா அவங்ககிட்ட சைக்கிள் இருந்தது. சில பேர் வெளியூர் போறப்போ அதைத் தூக்கி பஸ் மேல கேரியர்ல போட்டு, லக்கேஜ் சார்ஜ் கட்டிக் கூடவே கொண்டும் போவாங்க. நம்ம நேயர் கேட்ட கேள்விக்கு நம்ம ஊர் பஸ் எப்பவோ பதில் சொல்லிடுச்சுன்னு வச்சுக்கங்க. பெண்களுக்கோ, பஸ் ஸ்டாப் வரைக்கும் போகவே அப்பாவோ, அண்ணனோ, புருஷனோ, மகனோ சைக்கிள்ல கொண்டு விடணும். அவங்களுக்கு நேரமில்லன்னா, அன்னிக்குப் பயணமே இல்ல.

எழுத்தோட சேர்ந்து வந்த சைக்கிள்

1991-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு, தொண்டர்கள் சாயங்காலம் ஊர் ஊரா போய்ச் சொல்லித் தர்ற இயக்கம். அப்போ மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். தொண்டர்கள்ல நிறைய பேர் பெண்கள். ராத்திரி வகுப்பு முடிஞ்சு அடுத்த ஊருக்கு எப்படிப் போறது? அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எழுத்து சொல்லிக் கொடுக்கப் போறவங்களுக்கே போக்குவரத்து இல்லங்கறது அங்க தெரிஞ்சது.

அதனால சைக்கிள் ஓட்டறதையும் இயக்கத்தோட ஒரு பாடமாவே சேர்த்தாங்க. ஊர் ஊரா பயிற்சி முகாம். நேத்து கத்துக்கிட்ட பெண் இன்னிக்கு மத்தவங்களுக்கு வாத்தியார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளை ஆட்சியர் நெருக்கினார். யுனிசெஃப் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட் ஒதுக்குச்சு.

எதிர்ப்பு இல்லாம இல்ல. பொம்பளை சைக்கிள்ல போறதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினவங்க இருந்தாங்க. ஆனா இது அறிவொளி வேலை, கலெக்டரே சொல்றாங்கங்கிற அங்கீகாரம் ஒரு கவசமா இருந்தது. வீட்டுல "எதுக்கு?"ன்னு கேட்டா, "படிக்கப் போறேன்"ன்னு சொல்ல முடிஞ்சது.

1992-ல மகளிர் தினத்தையொட்டி, கைப்பிடியில கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு, 1,500-க்கும் மேல பெண்கள் புதுக்கோட்டை ஊருக்குள்ள சைக்கிள்ல வந்தாங்க. ஊர் திகைச்சுப் போச்சு.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்க போய் எழுதின கட்டுரை, 1996-ல வந்த அவரோட புத்தகத்துல இருக்கு. அவர் கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் மேல கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. பத்து வயசுக்குக் கீழ இருக்குற சிறுமிகளைக் கழிச்சுட்டுப் பார்த்தா, மாவட்டத்துக் கிராமப் பெண்கள்ல நாலுல ஒருத்தருக்கும் மேல.

எனக்கு அந்தக் கட்டுரையில பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. லேடீஸ் சைக்கிள் கடையில தீர்ந்து போச்சு. யாரும் காத்திருக்கல, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. சில பேர் அதைத்தான் விரும்பியே வாங்கினாங்க. ஏன்னா, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு பார் இருக்கே, அதுல பிள்ளையை உட்கார வைக்கலாம்! பின்னாடி கேரியர்ல சாமான், ரெண்டு பக்கமும் தண்ணிக் குடம். கேரவனுக்கு ஸ்டாண்டு அடிக்கிறவர் போடற எடைக் கணக்கை இவங்க தினமும் போட்டாங்க.

காசும் நேரமும்

இது வெறும் ஜாலியான மாற்றம் இல்ல. காய்கறி, கீரை விக்கிற பெண்ணுக்கு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற நேரம் மிச்சம். ஒரே நாள்ல கூடுதல் ஊருக்குப் போகலாம், கூடுதலா விக்கலாம். சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு ஆக்க ஓடிவர வேண்டிய கட்டாயத்துல பாதிச் சரக்கோட திரும்ப வேண்டியதில்ல. குவாரியில வேலை செஞ்ச பெண்களுக்கும் இதே கதைதான். ரோட்டுல இருந்து உள்ளே தள்ளி இருக்குற குவாரிக்கு எந்த பஸ்ஸும் போகாது. சைக்கிள் போகும்.

அந்த அலை அப்படியே இருந்ததான்னு கேப்பீங்க. ஒரு இயக்கத்தோட வேகம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. ஆனா பொண்ணு சைக்கிள் ஓட்டறது அதிசயமில்லங்கிற நிலை வந்துடுச்சு. 2001-02-ல தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது, பிறகு அது மத்த மாணவர்களுக்கும் விரிஞ்சது. 2006-ல பீகார்ல ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் திட்டம் வந்தது. அதை ஆராய்ஞ்ச பொருளாதார அறிஞர்கள் கண்டது, உயர்நிலைப் பள்ளியில பெண்களோட சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடினது. அதுவும் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குற ஊர்கள்லதான் பலன் அதிகம். மறுபடியும் அதே கடைசித் தூரம்.

2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. ரொம்ப நல்ல விஷயம். பெரிய வண்டிக்கான செலவு போச்சு. ஆனா பஸ் ஸ்டாப் இன்னும் மெயின் ரோட்டுலதான் இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு அங்க இறங்கற பொண்ணுக்கு, "யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு போன் பண்ணாம வீட்டுக்குப் போக முடியுதாங்கறது இன்னும் பாக்கி இருக்குற கேள்வி.

அதனால கேரவன்ல பைக் ஏத்தப் போற நண்பருக்கு: எடையைப் பாருங்க, நல்லா கட்டுங்க, சந்தோஷமா போய்ட்டு வாங்க. மத்தவங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேளுங்க: "நீங்க சைக்கிள் கத்துக்கிட்டீங்களா? யார் கத்துக் கொடுத்தா? இல்லன்னா, யார் வேணாம்னாங்க?" பதில் எதுவா இருந்தாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.