தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பள்ளி மாணவர்களுக்கான தொழில்நுட்பப் போட்டிகள்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் என்று பரந்து கிடக்கும் இந்த வட்டாரத்தின் பள்ளி மாணவர்கள் கலந்துகொள்ளும் தொழில்நுட்பப் போட்டிகள் பெரும்பாலும் மாநில, தேசிய அளவில் நடப்பவை. சிலவற்றில் மாணவர் நேரடியாகச் சேரலாம். மற்றவற்றில் பள்ளி பெயர் கொடுத்தால்தான் உண்டு. ஒரு மாணவர் மேடையேறுவாரா என்பது பல வேளைகளில் இந்த இரண்டாம் வகையில்தான் முடிவாகிறது.

மத்தளம்பாறையின் தாக்கம்

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் 2011இல் ஒரு சிறிய அலுவலகத்தைத் தொடங்கியது. உலகெங்கும் விற்பனையாகும் ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இங்கிருந்துதான் வளர்ந்தது. இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் இந்த வட்டாரத்துக்கே குடிவந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பிளஸ் டூ முடித்தவர்களைக் கல்லூரிப் பட்டம் கேட்காமல் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் கற்பிக்கும் ஜோஹோ பள்ளிகளின் வளாகம் ஒன்றும் தென்காசியில் இருக்கிறது.

மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏற வேண்டும் என்ற எண்ணத்தை இது உடைத்தது. ஆனால் பக்கத்து ஊரில் நிறுவனம் இருப்பதாலேயே வகுப்பறையில் கோடிங் வந்துவிடாது. அதற்குப் பள்ளிக்குள் ஒரு ஆசிரியர் வேண்டும்.

யோசனைக்கே பரிசு: இன்ஸ்பயர் மானக்

அரசுப் பள்ளி மாணவருக்கு மிக எளிதில் திறக்கும் கதவு இன்ஸ்பயர் விருது மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களின் யோசனைகளில் ஐந்து வரை ஒரு பள்ளி பரிந்துரைக்கலாம். யோசனையைத் தமிழிலேயே எழுதலாம். பதியும்போது மாதிரி எதுவும் செய்து காட்ட வேண்டியதில்லை. தேர்வானால் மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். பிறகு மாவட்டக் கண்காட்சி, மாநிலக் கண்காட்சி, தேசியக் கண்காட்சி என்று மேலே போகலாம். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளையும் போட்டியிட முடிவது இந்த வரிசைமுறையால்தான். முதலில் யோசனை, பிறகு பணம், கடைசியில் கருவி.

அடுத்து அடல் டிங்கரிங் ஆய்வகங்கள். நிதி ஆயோக்கின் கீழ் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வரை வழங்கி 3டி பிரிண்டர், சென்சார், ரோபாட்டிக்ஸ் கருவிகள் அடங்கிய கூடத்தை அமைக்க உதவியது. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. தமிழ்நாட்டு அளவில் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பள்ளிக்கல்வித் துறையும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தில், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ச் சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு செய்கிறார்கள்.

எதைச் செய்வது?

மாவட்ட அறிவியல் கண்காட்சிகளில் தானாக எரியும் தெருவிளக்கும் பார்வையற்றோருக்கான ஒலி எழுப்பும் கைத்தடியும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. நடுவர்கள் அவற்றைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். தென்காசிப் பிள்ளைகள் கருப்பொருளுக்காக இணையத்தைத் துழாவ வேண்டியதில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கீழே வெயில் அடிக்கும். மேலே காட்டுக்குள் கனமழை கொட்டும். அந்த நீர் செங்குத்தான பாறைகளில் இறங்கிச் சிறிது நேரத்திலேயே அருவிக்கு வந்துவிடும். குளிப்பவருக்கு முன்னறிகுறி தெரியாது. இதற்கு மாணவர்களே ஒரு மாதிரி செய்ய முடியும். ஓடையின் மேற்பகுதியில் மீயொலி சென்சார் ஒன்று நீர்மட்டத்தை அளக்கும். ஆர்டுயினோ போன்ற சிறு பலகை அந்த அளவு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று கணக்கிடும். காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் தகவலைக் கீழே கொண்டுவர லோரா என்ற நெடுந்தொலைவு ரேடியோ உதவும். கீழே ஒரு சைரன் ஒலிக்கும். நீர்மட்டத்தைவிட அது ஏறும் வேகமே முக்கியமான எச்சரிக்கை என்பதைக் கண்டுபிடிக்கும் மாணவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். பாறை ஈரமும் சருகும் சென்சாரை ஏமாற்றும் என்பது அடுத்த பாடம். அதைச் சரிசெய்யும் குழுவுக்குத்தான் மதிப்பெண் கூடும். காட்டுக்குள் கருவி வைக்க வனத்துறை அனுமதி தேவை. பள்ளிக் கட்டடத்தின் நீர்த்தொட்டியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுக் கண்காட்சிக்குப் போகலாம்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன: வடகரை, மேக்கரைப் பக்கம் தோட்டங்களுக்குள் இறங்கும் யானைகள், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் விலை ஏற்ற இறக்கம், புளியங்குடி எலுமிச்சையைத் தரம் பிரிப்பது, பீடி சுற்றும் அம்மாக்களின் முதுகுவலி. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி செய்ய விரும்புபவர்கள், 1981இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் இருப்பவர்களிடம் உண்மையான தேவை என்னவென்று முதலில் கேட்பது நல்லது.

கணினி இல்லாமலும் கணினிப் போட்டி

லிதுவேனியாவில் 2004இல் பிறந்த பீப்ராஸ் போட்டியில் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கணினியின் சிந்தனை முறையைப் புதிர்களாகக் கேட்பார்கள். இந்தியாவில் ஏ.சி.எம். இந்தியா அமைப்பின் சிஎஸ்பாடசாலை இதைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றி நடத்துகிறது. நிரலாக்கத்தில் ஊறியவர்களுக்கு இந்தியக் கணிப்பு ஒலிம்பியாட் இருக்கிறது. 1989 முதல் நடக்கும் உலகப் போட்டிக்கு இந்திய அணி இதன்மூலமே தேர்வாகிறது. இதன் வட்டார எழுத்துத் தேர்வு பல ஆண்டுகள் தாளும் பேனாவும் கொண்டே நடந்தது. ரோபாட்டிக்ஸ் போட்டிகளில் உலக ரோபாட் ஒலிம்பியாட் பெரியது. கருவிப் பெட்டி, பயிற்சி, பயணம் என்று செலவும் பெரியது. நன்கொடையாளர் கிடைத்தாலொழிய ஊர்ப்புறப் பள்ளிகள் இதில் தொடங்குவது சரியல்ல என்பேன்.

படைப்பு வழி

 எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருளில் அசைவூட்டக் கதையும் விளையாட்டும் செய்யலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்துள்ள ஹைடெக் லேப் கணினிகள் இதற்குப் போதும். தேர்வு நடத்த மட்டும் அந்த அறையைத் திறக்காமல், வாரத்தில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளிடம் விட வேண்டும்.

விக்கிமீடியா பொதுவகத்துக்குப் படமும் ஒலியும் தருவது இன்னொரு வழி. 2011-12இல் தமிழ் விக்கிப்பீடியா நடத்திய ஊடகப் போட்டி தமிழர் வாழ்வைப் படமாக்கக் கேட்டது. குற்றாலத்தின் சித்திர சபை, தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம், செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள் என்று இங்கு ஆவணப்படுத்தக் குறைவில்லை. கோயிலுக்குள் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அடுத்தவர் எடுத்த படத்தைத் தன் பெயரில் ஏற்றக் கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் நடத்துகிறது. அசைவூட்டம், நிரலாக்கம், மின்னணுவியல் ஆகியவற்றோடு மலையாளக் கணிமையும் அங்கே பயிற்சியில் உண்டு. பள்ளிக் கலைவிழாவைப் போலவே ஐ.டி. மேளாவும் அங்கு முறையாக நடக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த செங்கோட்டையிலிருந்து அந்தப் பள்ளிகள் கூப்பிடு தூரம்தான். ஆரியங்காவு தாண்டிப் போய் ஒரு மன்றத்தைப் பார்த்துவருவது நம் ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி முகாமைவிடவும் பயன்தரும்.

முதல் அடியை இன்ஸ்பயரிலேயே வைக்கலாம். அதன் பதிவு பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில், சாரல் பருவத்தையொட்டி நடக்கிறது. தலைமையாசிரியர்கள் ஜூன் மாதத்திலேயே பள்ளியில் ஒரு யோசனைப் பெட்டி வைத்து, ஐந்து இடங்களையும் நிரப்பி அனுப்ப வேண்டும்.