சமாதானக் கண்காணிப்பாளரும் எங்கள் வன்னியும்

உலக மகாயுத்தம் ஒன்று முடிய 1920இல் சர்வதேச சங்கமும், மற்றொன்று முடிய 1945இல் ஐக்கிய நாடுகள் சபையும் தோன்றின. இத்தகைய தாபனங்களால் பயனுண்டா என வினவும் இளைஞர் தூரதேசச் சரித்திரம் தேட வேண்டியதில்லை.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதனைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐசுலாந்து ஆகிய ஐந்து நாட்டாரும் வந்தனர். ஆயுதமேந்தாத அவர்கள் மீறல்களை விசாரித்துக் குறித்தனர். தண்டிக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. இரு தரப்பாரும் இணங்கிய அளவே அவர்தம் பலம். அவ்விணக்கம் இருந்தவரை கண்டி வீதியால் சனம் போய்வந்தது, அதுவும் சிறிதன்று. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தபின் மூன்று நாட்டார் விலகினர். 2008 சனவரியில் அரசு உடன்படிக்கையை முறிக்க, எஞ்சியோரும் சென்றனர்.

அவ்வாண்டு செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசு அறிவித்ததும், ஐ.நா. பணியாளரும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டனர். போகவேண்டாமென்று சனங்கள் அலுவலக வாசலில் நின்று இரந்தனர். வந்தவர் கையில் துவக்கில்லை என்பதை அவர்கள் அறியாதவரல்லர். நடப்பதைப் பார்க்க அந்நியர் நாலுபேராவது இருக்கட்டும் என்றே கேட்டனர்.

2009 சனவரியில் ஒட்டுசுட்டானும் படையினர் வசமாயிற்று. பாதுகாப்புச் சபையோ இந்த யுத்தத்தைத் தன் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவேயில்லை. தான் கடமை தவறியதை ஐ.நா.வின் உள்ளக அறிக்கை ஒப்புக்கொண்டது 2012 நவம்பரில். அப்போது யுத்தம் முடிந்து மூன்றாண்டுக்கு மேலாகியிருந்தது.