இரு நடுவர்

இல்லறத்தில் ஒருவர் மற்றவரின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்துவிட்ட பின்னர், அவ்விருவரும் தமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வது அரிது. ஒருவர் சொல்லில் சினம் புகும். மற்றவர் சொல்லில் நாணம் புகும். நடுவே அமர ஒருவர் தேவைப்படும் இடம் அது. பிரிட்டனில் இப்பணிக்கெனத் திருமண ஆலோசனை மன்றம் தோன்றியது 1938இல்தான்.

திருமறையோ, அன்னிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனத்திலேயே இதற்கு வழி வகுத்துவிட்டது. தம்பதியரிடையே பிளவு நேருமென அஞ்சினால், கணவன் குடும்பத்தார் ஒருவரையும் மனைவி குடும்பத்தார் ஒருவரையும் நடுவராக அனுப்பப் பணிக்கிறது அவ்வசனம். இருவர் ஏன்? பெண்ணின் வேதனையை அறிந்தவரும் அச்சபையில் இருந்தாக வேண்டும் என்பதே கருத்து.

ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் திருமுன் ஒரு தம்பதியர், தத்தம் கூட்டத்தாருடன் வந்த வரலாற்றைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். இரு நடுவரை நியமித்த அலீ (ரலி), சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். தீர்ப்பு தனக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் ஏற்பதாக மனைவி சொன்னாள். கணவனோ பிரிவினைக்கு மட்டும் இசையேன் என்றான். அவள் இசைந்தவாறே நீயும் இசையும்வரை விடமாட்டேன் எனக் கண்டித்தார்கள் அலீ (ரலி). கணவனின் அனுமதியின்றி நடுவர் பிரித்து வைக்கலாமா என்பதில் மாலிக்கீ, ஹனஃபீ மத்ஹபுகள் வேறுபட்டாலும், சமரசத்திற்கு இருவரும் சமமாகப் பணிய வேண்டும் என்ற பாடம் இதில் தெளிவு.

மற்றொன்று, மானம் காத்தல். கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொணராதோர்க்கு 80 கசையடி விதித்தது திருமறை. பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் தடுத்தது. ஆகவே நடுவர் சபை குற்ற விசாரணை மன்றமன்று. முஹல்லாவின் நடுவே, பலர் முன்னிலையில் ஒரு பெண்ணையோ ஆணையோ நிறுத்தி வினவுவது, ஆறக்கூடிய புண்ணையும் ஆறவிடாமல் செய்வதாகும். இந்தியாவில் 1984இல் இயற்றப்பட்ட குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் சமரசத்திற்கு முயலச் சொல்கிறது. தரப்பினரில் ஒருவர் விரும்பினாலும் மூடிய அறையில் விசாரணை நடத்தப் பணிக்கிறது.

இருவரும் இணக்கத்தை நாடினால் இறைவன் ஒற்றுமையை உண்டாக்குவான் என்று அவ்வசனம் வாக்களிக்கிறது. இங்கே ‘இருவர்’ எனப்படுவோர் நடுவர்களே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. பிளவுண்ட குடும்பத்தின் வாசலை மிதிக்கும் பெரியவர்கள், முதலில் தம் நிய்யத்தைச் சீர்தூக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.