ப்ளைவுட்டில் ஒரு ஜெட் இன்ஜின்

ரிமோட்டில் பறக்கிற குட்டி ஜெட் விமானம் பார்த்திருக்கீங்களா? ப்ரொப்பெல்லர் சுற்றும் சமாச்சாரம் இல்லை. நிஜமான டர்பைன், நிஜமான மண்ணெண்ணெய், நிஜமான ஜெட் இரைச்சல். இந்த மாதிரி ஒன்றை முழுசாக முடிக்கத் தேவையான சாமான் பட்டியலைப் பார்த்தால் மளிகைக்கடை லிஸ்ட் தோற்கும். டர்பைன், அதைக் கட்டுப்படுத்தும் ஈசியூ, பம்ப், காற்றுக்குமிழி பிடிக்கிற தனி டேங்க், ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, சக்கரத்துக்கு பிரேக், கையில் தீயணைப்பான்.

"இதெல்லாம் எதுக்கு? இன்ஜினை வாங்கி மாட்டினா பறக்காதா?" பறக்கும். ஒரே ஒரு தடவை :-)

அந்தப் பட்டியலில் முக்கால்வாசி, யாரோ எப்பவோ சூடு பட்டதால் வந்தது. அந்தக் கதை குட்டி விமானத்துக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது.

1937 ஏப்ரலில், இங்கிலாந்தின் ரக்பியில், ஃப்ராங்க் விட்டில் தன்னுடைய முதல் ஜெட் இன்ஜினை ஓட விட்டார். ஓடியது. அவ்வளவு நல்லா ஓடியது, எரிபொருள் வால்வை மூடின பிறகும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போனது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். காரணம் சப்பை. முன்கூட்டியே கசிந்த எரிபொருள் இன்ஜினுக்குள் குளம் மாதிரித் தேங்கியிருந்தது. வால்வை மூடியாச்சு, குளம் எரிந்துகொண்டிருந்தது. இந்தக் குளத்தை நினைவில் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

சரி, இந்த இன்ஜினைச் சின்னதாக்கினால் என்ன? அங்கேதான் கணக்கு இடிக்குது. காற்றை அழுத்தும் சக்கரத்தின் விளிம்பு வேகம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். சக்கரத்தைச் சின்னதாக்கலாம், விளிம்பு வேகத்தைக் குறைக்க முடியாது. விட்டிலின் சக்கரம் சுமார் 48 செ.மீ. விட்டம், நிமிஷத்துக்கு 17,000 சுற்றுக்கு மேல். அதே விளிம்பு வேகம் 6.6 செ.மீ. சக்கரத்துக்கு வேணும்னா நிமிஷத்துக்கு 1,20,000 சுற்றுக்குக் கிட்டே போகணும். விளிம்பில் நொடிக்கு 400 மீட்டருக்கு மேல், அதாவது ஒலியை விட வேகம். இதை வீட்டு ஷெட்டில் செய்யணும்!

செய்தார்கள். 1983 மார்ச்சில், இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத்தளத்தில், ஜெர்ரி ஜாக்மன் குழுவின் 'பார்ஜே' என்ற மாடல் சின்ன டர்பைனோடு பறந்தது. (ஏவுகணைகளுக்கு எதிராகப் பெண்கள் வருஷக்கணக்கில் முகாம் போட்டுப் போராடினார்களே, அதே தளம்தான்.) எரிபொருள் ப்ரொபேன், கிட்டத்தட்ட நம்ம சமையல் கேஸ். பிற்பாடு பிரான்சிலிருந்து கடையில் வாங்கும்படி வந்த ஜேபிஎக்ஸ் டி240 டர்பைனும் ப்ரொபேன்தான். வாயு சுலபமாகப் பற்றிக்கொள்ளும், ஆனா விமானத்துக்குள் சிலிண்டரைச் சுமக்கணும்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங். பெரிய தொழிற்சாலை இல்லாமல், வீட்டுப் பட்டறையிலேயே செய்யக்கூடிய டர்பைன் வேணும் என்று உட்கார்ந்தார். எஃப்டி3/64 என்ற அவருடைய இன்ஜினில் காற்றழுத்தும் சக்கரம் எதில் தெரியுமா? ப்ளைவுட்டில்! பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க மேலே கார்பன் ஃபைபர் சுற்று. சூடான பக்கத்துச் சக்கரம் ஸ்டீல் தகட்டில் வெட்டி முறுக்கியது. எல்லாவற்றையும் புத்தகமாக எழுதி ஊருக்கே கொடுத்தார். அப்புறம் தாமஸ் காம்ப்ஸ் போன்றவர்கள் ஒரு படி மேலே போய், கார் டர்போசார்ஜரில் வரும் ரெடிமேட் அலுமினியச் சக்கரத்தைப் போட்டார்கள். ஷ்ரெக்லிங், ஹேசுஸ் ஆர்டெஸ், காம்ப்ஸ் மூவரின் கையும் பட்ட கேஜே66 இப்படி வந்ததுதான். அந்த 66, சக்கரத்தின் விட்டம் மில்லிமீட்டரில். உலகம் முழுக்க எத்தனையோ பேர் கடைசல் இயந்திரத்தில் இதைக் கடைந்தார்கள்.

ஆனா இன்ஜின் கிடைத்தும் எல்லாரும் ஓட்ட முடியலை. ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு யாகம். வெளியிலிருந்து ப்ளோயரில் காற்று அடிக்கணும், கேஸைத் திறந்து பற்றவைக்கணும், 'புப்' சத்தத்துக்குக் காது கொடுக்கணும், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெயை மெள்ளத் திறக்கணும். கொஞ்சம் முந்தினால் பழைய விட்டில் குளம்தான். பின்னாலிருந்து நெருப்பு நாக்கு நீளும், சக்கரம் வெந்துபோகும். பக்கத்தில் நிற்கிறவர் சட்டையும் ஆபத்தில்.

90-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஜெட்காட் போன்ற கம்பெனிகள் இந்த யாகத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டன. அதுதான் ஈசியூ. சுழற்சி வேகத்துக்கு ஒரு சென்சார், புகைபோக்கியில் வெப்பத்துக்கு ஒரு சென்சார். கைவசம் ஸ்டார்ட்டர் மோட்டார், பம்ப், க்ளோ ப்ளக். வெப்பம் எகிறினால் பம்பை நிறுத்தும், சுழற்சி ஏறலைன்னா ஸ்டார்ட்டைக் கைவிடும். நம்ம ஆட்கள் மொழியில் சொன்னால் ஒரு சின்ன ஸ்டேட் மெஷின், அவ்வளவுதான். என் கட்சி என்னன்னா, டர்பைனைக் கடைக்குக் கொண்டுவந்தது உலோகம் இல்லை, 'மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்த இந்தப் பெட்டி. (கோடு எழுதிப் பிழைக்கிறவன் வேற என்ன சொல்வான் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.)

இப்போ பட்டியலைத் திரும்பப் பாருங்க. டர்பைன் குடிக்கிற எரிபொருளில் ஒரு குமிழி வந்தாலும் சுடர் அணைந்துவிடும், அணைந்தால் ஆகாயத்தில் மறுபடி பற்றவைப்பது சுலபமில்லை. அதனால்தான் குமிழிப் பொறி. சும்மா ஐடிலில் இருந்தாலும் டர்பைன் தள்ளிக்கொண்டே இருக்கும், காற்றைப் பிடித்து நிறுத்த ப்ரொப்பெல்லரும் கிடையாது. அதனால்தான் பிரேக்கும் பெரிய ஃப்ளாப்பும். த்ராட்டிலை ஏற்றினால் உடனே உந்துவிசை வராது, சில நொடி எடுக்கும். தரையிறங்கும்போது கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. சிக்னல் போனால் இன்ஜின் தானாக அணையும்படி செட் பண்ணணும் என்று அமெரிக்காவில் ஏஎம்ஏ விதியே இருக்கு. லிட்டர் கணக்கில் எண்ணெயோடு காடு பக்கம் போய் விழுந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலான பேர் உந்துவிசை எண்ணைப் பார்த்துத்தான் இன்ஜின் வாங்குகிறார்கள். பத்துக் கிலோ மாடலுக்கு 80 நியூட்டன் இன்ஜின் தாராளம், அதுவே முழு வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். 140 வாங்கினால் டேங்க் பெரிசாகும், எடை ஏறும், இறங்கும் வேகமும் ஏறும். மிச்சப்படுத்துவது எங்கே? பேட்டரியிலும் குமிழிப் பொறியிலும்! எனக்கு இது புரியவே மாட்டேங்குது.

2008 செப்டம்பர் 26 அன்று ஸ்விட்சர்லாந்தின் ஈவ் ரோஸி ஆங்கிலக் கால்வாயை ஒரு இறக்கையை முதுகில் கட்டிக்கொண்டு தாண்டினார். இறக்கைக்கு அடியில் இருந்தவை நான்கு ஜெட்காட் மாடல் டர்பைன்கள். மனுஷன் இன்ஜினை மட்டும் நம்பலை, பாராசூட்டும் கட்டியிருந்தார். இறங்கியது அதில்தான்.