ஏணிக்கு உச்சி இருந்த காலம்

நமது மலரில் பாலம், அணை, மின்நிலையம் என்று கட்டுரை வருவதுதான் வழக்கம். கம்ப்யூட்டர் விளையாட்டின் வரலாற்றை எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், "ஏம்ப்பா, பசங்க ஏற்கெனவே அதிலேயேதானே கிடக்கிறாங்க!" என்றார். கிடக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். அதிலும், பலர் கூடி ஆடும் இன்றைய விளையாட்டுகளின் முக்கிய முன்னோடி ஒன்று பிறந்தது நம்மைப் போன்ற மாணவர்கள் கையில்தான்.

ஆண்டு 1978. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகம். ராய் டிரப்ஷா என்ற மாணவர் அங்கிருந்த பி.டி.பி.-10 கணினியில் ‘மட்’ என்றொரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்து முடித்தார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பில் போட்டால் புள்ளி. புள்ளி சேரச் சேர ‘லெவல்’ உயரும். உச்சிக்குப் போனவர் ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி. அதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை. மற்றவர்கள் ஆடும் உலகத்தை நிர்வகிக்கும் அதிகாரம் கைக்கு வந்துவிடும். பிறப்பைப் பார்த்து ஆளை எடை போடும் பிரிட்டிஷ் சமூகத்தில், சொந்தத் திறமையால் மட்டுமே உயரக்கூடிய ஓர் உலகம் வேண்டும் என்பதே தன் எண்ணம் என்று பார்ட்டில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லெவல் என்பதற்குள் இப்படி ஒரு சமத்துவ ஆசை இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறகு சந்தா வந்தது. 1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 2004-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. ஆள் எத்தனை மாதம் இருக்கிறாரோ அத்தனை மாத வருமானம். ஆகவே ஏணிக்கு உச்சி இருந்தால் கட்டுப்படியாகாது! வார்கிராஃப்டில் 60-ஆக இருந்த உச்ச லெவல் 2007-இல் 70 ஆனது, 2008-இல் 80 ஆனது. ஆனாலும் அது நேர்மையான வியாபாரம் என்றே சொல்வேன். விலை வெளிப்படை, எல்லாருக்கும் ஒன்றே.

நான் படித்த 2006-10 காலத்தில் விடுதியில் நாலு கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்து ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடுவோம். அதில் லெவல் என்ற பேச்சே இல்லை. நேற்று ஜெயித்தவனும் தோற்றவனும் இன்று சமம். சுடத் தெரிந்தால் சுடு, அவ்வளவுதான். 2007-இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி 4’ அந்த வகை ஆட்டத்துக்கும் 55 படிகள் வைத்தது. படி ஏறினால்தான் புதுத் துப்பாக்கி. 55-ஐ எட்டியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏறலாம், சட்டையில் ஒரு பதக்கம் குத்திக்கொண்டு! ஆட்டத்துக்காக ஏணி என்பது போய், ஏணிக்காக ஆட்டம் என்றானது அங்கேதான் என்பது என் கருத்து.

அடுத்த கட்டம் ‘இலவசம்’. ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ 2010-இல் கடை திறந்து பூட்டிய பெட்டிகளுக்குச் சாவி விற்றது. 2011-இல் ஆட்டத்தையே இலவசமாக்கியது. தொப்பி விற்றே பிழைக்கலாம் என்று நிரூபணமாகிவிட்டது. 2017 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ கொண்டுவந்த ‘பேட்டில் பாஸ்’ இன்னும் சாமர்த்தியம். எழுபது படி, பருவம் முடிவதற்குள் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பரிசு போச்சு. காசைக் கொடுத்துவிட்டு வேலையும் நாமே பார்க்கிறோம். விலை டாலரில் அல்ல, ‘வி-பக்ஸ்’ என்ற டோக்கனில். திருவிழா ராட்டினக்காரர் செய்வதுதான். கையில் காசாக இல்லாதபோது செலவு உறைப்பதில்லை.

நம் தொழில் சம்பந்தப்பட்ட இடம் இனிதான் வருகிறது. கொரியாவின் ‘மேப்பிள் ஸ்டோரி’யில் ‘கியூப்’ என்றொரு பொருளைக் காசுக்கு விற்றார்கள். அதில் நல்ல பலன் விழும் நிகழ்தகவை 2010 முதல் சத்தமில்லாமல் குறைத்தார்கள். சில சேர்க்கைகள் விழவே விழாதபடி அமைத்தார்கள். வாங்கியவர்களுக்குத் தகவல் இல்லை. 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. ஃபோர்ட்நைட்டின் எபிக் நிறுவனம், பொத்தான் அமைப்பால் ஆட்களைத் தெரியாமல் வாங்க வைத்தது என்ற அமெரிக்க அரசின் குற்றச்சாட்டில் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. நிகழ்தகவு அட்டவணையில் சுழியம் போடுவதும் பொத்தானை எங்கே வைப்பது என்பதும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நம்மைப் போல் ஒரு என்ஜினீயர் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் டைப் அடித்ததுதான்.

முழு விலை கொடுத்து வாங்கினால் தப்பித்தோம் என்றும் இல்லை. 2014-இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பு அது. பத்தாண்டு ஓட்டியவரிடம் மிச்சமிருப்பது வட்டத்தகடு மட்டும்.

எல்லாரும் அப்படியில்லை. 2024-இல் வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’-வின் பாஸ் காலாவதியாவதில்லை. வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் மெதுவாக ஏறலாம். அதுவும் அமோகமாகத்தான் விற்றது. கேம் கம்பெனி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகள் இருந்தால் மதிய விருந்தில் என்னைப் பிடியுங்கள். இரண்டு வகை பாஸின் கணக்கையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.