கணப்படுப்பிலிருந்து எரிவாயு வரை

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் பலர் இன்று எதிர்நோக்கும் கேள்வி ஒன்று உண்டு. பழுதடைந்த எரிவாயுப் பொயிலரைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இன்னொரு பொயிலரையே பூட்டுவதா, அல்லது அரசாங்கம் மானியம் தந்து ஊக்குவிக்கும் ‘ஹீற் பம்ப்’ எனும் வெப்பப் பம்பிக்கு மாறுவதா என்பதே அது. எது சிறந்ததென்று கூறும் தொழில்நுட்ப அறிவு எனக்கில்லை. ஆயினும், தன் வீட்டை எதனால் சூடாக்குவது என்பதை அந்நாட்டுக் குடிமகன் தன் விருப்பப்படி மட்டும் தீர்மானித்த காலம் மிகக் குறைவு என்பதை வரலாற்றைப் புரட்டினால் காணலாம்.

லண்டனில் நிலக்கரி எரிப்பதற்கு முதலாம் எட்வேர்ட் மன்னன் 1306இலேயே தடை விதித்தான். விறகு அருகி விலையேறிய நகரில் அத்தடை நிலைக்கவில்லை. 1662இல் இரண்டாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சியில் அடுப்பு வரி வந்தது. வீட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். அடுப்புகளை எண்ணுவதற்கு அதிகாரிகள் வீட்டினுள் நுழைந்ததை மக்கள் வெறுத்தனர். வரிக்கு அஞ்சி அடுப்பை மூடிக் கட்டியவர்களும் உண்டு. 1689இல் அவ்வரி நீக்கப்பட்டது.

நிலக்கரியை எரிக்கும் திறந்த கணப்படுப்பு, வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிடும். முன்புறம் சுடும், முதுகு குளிரும். இருந்தும் ஆங்கிலேயர் அதன்மீது கொண்டிருந்த பற்று அலாதியானது. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1945 டிசம்பரில் ‘ஈவ்னிங் ஸ்ராண்டர்ட்’ பத்திரிகையில் அதற்காகவே வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அது வீண்செலவும் அழுக்கும் நிறைந்தது என்பதை ஒப்புக்கொண்ட அவர், குடும்பத்தை ஓரிடத்தில் கூட்டி வைப்பது அதுவே என்றார்.

ஏழு ஆண்டுகளில் அந்தப் பற்றுக்குரிய விலை செலுத்தப்பட்டது. போர்க்கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா தரமான நிலக்கரியை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி தேடிக்கொண்டிருந்தது. உள்நாட்டு வீடுகளுக்கு வாய்த்தது ‘நட்டி ஸ்லாக்’ என்ற தூளும் சிறுகட்டியும் கலந்த மலிவுக் கரி. 1952 டிசம்பர் முதலாந் திகதி அதன்மீதான பங்கீட்டுக் கட்டுப்பாட்டை அரசாங்கமே நீக்கி, விற்பனையைத் தாராளமாக்கியது. ஐந்தாந் திகதி காற்று அசைவற்று நின்றது. மேலே வெப்பக்காற்று மூடிபோல் அமைய, இலட்சக்கணக்கான வீடுகளின் புகையும் மின்நிலையங்களின் புகையும் தரையோடு தங்கின. பஸ்கள் நின்றன. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள் புகை புகுந்ததால் இசைநாடகம் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட மாடுகள் மூச்சுத்திணறி மாண்டன. ஒன்பதாந் திகதி காற்று வீசியபோது புகை அகன்றது. அவ்வேளையில் கூறப்பட்ட மரணங்களின் தொகை ஏறத்தாழ 4,000. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களிலும் நீடித்த மிகை மரணங்களை இன்புளுவென்சாவின் தலையில் சுமத்த அதிகாரவர்க்கம் முயன்றது. ஆட்சியாளர்களின் இந்தச் சாமர்த்தியம் எமக்குப் புதியதன்று.

ஹியூ பீவர் தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகைக்கட்டுப்பாட்டு வலயங்களில் சாதாரண நிலக்கரி எரிப்பது குற்றமாயிற்று. அடுப்பை மாற்றும் செலவில் 70 சதவீதத்தைப் பொதுநிதி ஏற்றது. சட்டத்தின் கையோடு பணப்பையும் சேர்ந்து வந்ததே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. சம்பளத்தின் ஒரு பகுதியாகவே நிலக்கரியைப் பெற்றுவந்த சுரங்கத் தொழிலாளரின் பிரதேசங்களில் மட்டும் இச்சட்டம் மெதுவாகவே வேரூன்றியது. அவர்களைக் குறைகூற இயலாது.

1965இல் வட கடலில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்த ‘சீ ஜெம்’ மேடை அதே டிசம்பரில் கவிழ்ந்து 13 பேர் இறந்தனர். அதுவரை வீடுகளுக்கு வந்தது நிலக்கரியிலிருந்து தயாரிக்கப்பட்ட, காபன் மொனொக்சைட்டு கலந்த நச்சு வாயு. புதிய வாயு அதைப்போல் இருமடங்கு வெப்பம் தருவது. பழைய எரிமுனைகளில் அது சரிவர எரியாது. எனவே 1967 தொடக்கம் 1977 வரை தொழிலாளர் வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ நான்கு கோடி உபகரணங்களை மாற்றியமைத்தனர். வேண்டுமா என்று எவரிடமும் கேட்கப்படவில்லை. தெருவுக்குரிய நாள் வந்ததும் மாற்றம் நிகழ்ந்தது. மலிவான வாயு குழாயில் வந்தபின் பொயிலரும் ரேடியேற்றரும் பரவலாயின. இன்று பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் மத்திய வெப்பமூட்டல் உள்ளது.

அந்த மாற்றத்தின் வாசலில்தான் எம்மவர் பலர் அங்கு போய்ச் சேர்ந்தனர். எழுபதுகளில் வாடகை அறைகளில் தங்கிப் படித்த நண்பர்கள், நாணயம் போட்டால் மட்டுமே எரியும் வாயு மீற்றரையும் மண்ணெண்ணெய் ஹீற்றரின் வாடையையும் பற்றி நிறையவே சொல்லியிருக்கிறார்கள். கிழக்கு லண்டனில் நான் சென்ற வீடொன்றில், அடைக்கப்பட்ட பழைய கணப்படுப்பின் மேற்தட்டில் பிள்ளையார் படம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். அடுப்பு மீண்டும் குடும்பத்தைக் கூட்டி வைத்ததை ஓர்வெல் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இப்போது வந்திருப்பது மூன்றாவது மாற்றம். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெப்பப் பம்பிக்கான மானியம் 7,500 பவுணாக உயர்த்தப்பட்டது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் இப்பம்பி, ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரவல்லது. ஆனால் அது அனுப்பும் நீர் பொயிலர் நீரளவு சூடாக இராது. ஆகவே பல வீடுகளில் பெரிய ரேடியேற்றர்கள் வேண்டும். குளிர் புகும் பழைய சுவர்களையும் கூரையையும் முதலில் அடைக்கவேண்டும். எழுபதுகளில் தொழிலாளர் தாமாகவே வந்து கதவைத் தட்டினர். இம்முறை வீட்டுக்காரரே ஆளைத் தேடி, மானியம் போக மீதியையும் கட்டவேண்டும். இவற்றுக்கும் மேலாக, 2025இல் அங்கு ஓர் அலகு மின்சாரத்தின் விலை ஓர் அலகு எரிவாயுவின் விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. மூன்று மடங்கு வெப்பத்துக்கு நான்கு மடங்கு விலை. அந்த விலையில் ஒரு பகுதி அரசாங்கம் மின்கட்டணத்தின்மீது ஏற்றிய கொள்கை அறவீடுகளாகும்.